சொல் முடியும் இடம்: குறியுரு அணிகளை அச்சிடுவது பற்றி

சி மொழியில் ஐந்து இடமுள்ள குறியுரு அணி ஒன்றை ஒரு செயற்கூறுக்குள் அறிவிக்கிறோம். 'ஹலோ' என்ற ஆங்கிலச் சொல்லின் ஐந்து எழுத்துகளையும் இடத்துக்கு ஒன்றாக அதில் வைக்கிறோம். நினைவகத்தில் 104, 101, 108, 108, 111 என்ற ஐந்து எண்கள் அடுத்தடுத்து அமர்கின்றன. பிறகு பிரிண்ட்எஃப்பை அழைத்து, "%எஸ்" என்ற வடிவக்குறியோடு அந்த அணியைக் கொடுக்கிறோம். திரையில் என்ன வரும்?

உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் சரியான விடை. ஒரு கணினியில் சொல் பிசிறில்லாமல் வரும். இன்னொன்றில் அதன் வாலில் நான்கைந்து புரியாத குறிகள் தொற்றிக்கொண்டு வரும். வேறொன்றில், பக்கத்தில் அறிவித்திருந்த மற்றோர் அணியின் உள்ளடக்கமும் சேர்ந்து வரும். சில வேளை நிரலே இடையில் அறுந்து நின்றுவிடும். நிரலில் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது. சி மொழியின் தர வரையறை இந்த நிலையை 'வரையறுக்கப்படாத நடத்தை' என்று வகைப்படுத்துகிறது. என்ன நடந்தாலும் மொழி அதற்குப் பொறுப்பேற்காது.

பாடநூல்கள் பெரும்பாலும் 'சரத்தின் கடைசியில் \0 இருக்க வேண்டும்' என்ற ஒரே வரியோடு இதைக் கடந்துவிடுகின்றன. அந்த வரியில் பிழையில்லை. ஆனால் அது விதியைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. அணி என்பது இடம். சொல் என்பது அந்த இடத்தை எதுவரை படிப்பது என்ற உடன்பாடு. அச்சிடும் செயற்கூறுக்கு அந்த உடன்பாடு மட்டுமே தெரியும், அணியின் அளவு தெரியாது. தொடக்கநிலை மாணவரின் குழப்பங்களில் பெரும்பகுதி, அணியும் சொல்லும் ஒன்றே என்று நினைப்பதிலிருந்து பிறக்கிறது என்பது என் கருத்து. அந்த உடன்பாடு எங்கிருந்து வந்தது, மொழிக்கு மொழி எப்படி மாறுகிறது, தமிழை அச்சிடும்போது அதற்கு என்ன ஆகிறது என்பதையெல்லாம் பார்த்தால்தான் வகுப்பறையில் அதை எந்த வரிசையில் சொல்வது என்ற கேள்விக்கு வர முடியும்.

எண்ணிக்கையா, முடிவுக்குறியா

ஒரு சொல் எங்கே முடிகிறது என்று கணினிக்குச் சொல்ல மூன்று வழிகள் உண்டு. எத்தனை குறியுருக்கள் என்று முதலிலேயே எண்ணிச் சொல்லலாம். கடைசியில் ஒரு முடிவுக்குறி வைக்கலாம். அல்லது எல்லாச் சொற்களுக்கும் ஒரே நிலையான நீளத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை வெற்றிடத்தால் நிரப்பலாம். நிரலாக்க மொழிகளின் வரலாற்றில் இந்த மூன்றும் மாறி மாறி வந்திருக்கின்றன.

1950களின் இறுதியில் வந்த ஃபோர்ட்ரான் எண்ணிக்கையைக் கேட்டது. ஐந்து குறியுருச் சொல்லை எழுத வேண்டுமானால் 5 என்ற எண்ணையும் ஹெச் என்ற எழுத்தையும் முன்னால் போட்டுவிட்டுச் சொல்லை எழுத வேண்டும். ஹாலரித் மாறிலி என்று அதற்குப் பெயர். நிரலர் ஒன்று தப்பாக எண்ணினால், சொல்லின் கடைசி எழுத்து நிரலின் பகுதியாகிவிடும், அல்லது நிரலின் ஓர் எழுத்து சொல்லுக்குள் போய்விடும்.

1960களில் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் வடிவமைத்த பிசிபிஎல் மொழி, சரத்தின் முதல் இடத்திலேயே அதன் நீளத்தை வைத்தது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் அதிலிருந்து பி மொழியை உருவாக்கியபோது அந்த எண்ணிக்கையை எடுத்துவிட்டு, இறுதியில் ஒரு முடிவுக்குறியை வைத்தார். பின்னர் டென்னிஸ் ரிட்சி சி மொழியை வளர்த்தபோது முடிவுக்குறி 0 என்ற மதிப்பாக நிலைத்தது. ஏன் இந்த மாற்றம் என்பதை ரிட்சி 1993-இல் எழுதிய சி மொழியின் வளர்ச்சி வரலாற்றில் விளக்கியிருக்கிறார். எட்டு அல்லது ஒன்பது பிட் அளவுள்ள ஓரிடத்தில் எண்ணிக்கையை வைத்தால் சரத்தின் நீளத்துக்கு வரம்பு வந்துவிடும் என்பது ஒரு காரணம். எண்ணிக்கையைப் பேணுவதைவிட முடிவுக்குறி வைப்பது வசதியாக இருந்தது என்ற அனுபவம் இன்னொரு காரணம்.

'ஹலோ, உலகம்' என்று அச்சிடும் நிரலை இன்று யாரும் ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். 1972-இல் பிரையன் கெர்னிகன் பி மொழிக்காக எழுதிய பயிற்சிக் குறிப்பில் அந்த வாழ்த்து ஆங்கிலத்தில் பன்னிரண்டு குறியுருக்களாக, நான்கு நான்காக வெட்டப்பட்டு மூன்று மாறிகளில் அடைக்கப்பட்டிருக்கிறது. அந்த மொழியில் ஒரு குறியுரு மாறிலி நான்கு குறியுருக்கள் வரைதான் கொள்ளும். ஆகவே அவர் ஒவ்வொரு மாறியாக அச்சிட்டார். நிரலாக்கம் கற்போர் உலகெங்கும் முதலில் எழுதும் அந்த வாழ்த்து, துண்டுகளைச் சேர்த்துச் சொல்லாக்கும் பயிற்சியாகவே தொடங்கியது.

நிக்லாஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட பாஸ்கல் வேறு திசையில் போனது. அங்கே அணியின் நீளம் அதன் தரவினத்தின் ஒரு பகுதி. பத்து இடமுள்ள அணியும் பதினோரு இடமுள்ள அணியும் வெவ்வேறு இனங்கள். இரண்டையும் ஏற்று அச்சிடும் ஒரே செயற்கூறை எழுத முடியாது. 1981-இல் பாஸ்கலை விமர்சித்துக் கெர்னிகன் எழுதிய கட்டுரையில் முதன்மையான குறைகளுள் ஒன்றாக இது இடம்பெறுகிறது. 1983-இல் வந்த டர்போ பாஸ்கல் நீளத்தைச் சரத்தின் 0-ஆம் இடத்தில் வைத்து அந்தத் தளையை அவிழ்த்தது. ஆனால் ஒரு பைட்டில் 255-க்கு மேல் எண்ண முடியாது என்பதால், பி மொழி தவிர்த்த அதே வரம்பு அங்கே திரும்பிவந்தது.

முடிவுக்குறியைத் தேர்ந்தது சரியா என்ற வழக்கு இன்றும் முடியவில்லை. டேனிஷ் நிரலர் பவுல் ஹென்னிங் காம்ப் 2011-இல் எழுதிய கட்டுரை, கணினித் துறையின் மிக விலையுயர்ந்த ஒற்றை பைட் தவறு இதுதான் என்று வாதிட்டது. முகவரியோடு நீளத்தையும் சேர்த்து வைத்திருந்தால் கூடுதலாக ஒரு பைட்தான் செலவாகியிருக்கும் என்பது அவர் கணக்கு. பின்னர் நேர்ந்த சேதங்களைப் பார்த்தால் அவர் பக்கம் சாயத் தோன்றுகிறது. ஆயினும் நினைவகம் கிலோபைட்களில் அளக்கப்பட்ட காலத்தில், ஒவ்வொரு சரத்துக்கும் ஒரு பைட் என்பது அந்த வடிவமைப்பாளர்கள் முன் இருந்த உண்மையான செலவு. அவர்கள் கவனக்குறைவாக நடந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை.

மூன்றாம் வழியான நிலைநீளமும் சி மொழிக்குள்ளேயே வாழ்ந்தது. தொடக்ககால யூனிக்ஸில் கோப்புறையின் ஒவ்வொரு பதிவும் 16 பைட். கோப்பின் உள்ளெண்ணுக்கு 2 பைட், பெயருக்கு 14 பைட். பெயர் குட்டையாக இருந்தால் மிச்ச இடங்கள் 0 மதிப்பால் நிரப்பப்படும். பெயர் சரியாகப் பதினான்கு குறியுருக்கள் இருந்தால் இறுதியில் 0 இருக்காது! அதை "%எஸ்" கொண்டு அச்சிட்டால் அடுத்த பதிவுக்குள் ஓடிவிடும். ஆகவே "%.14எஸ்" என்று எழுதினார்கள். அதாவது, 0 வந்தால் நில், வராவிட்டாலும் பதினான்கில் நில். மாணவர்களை இன்றும் வதைக்கும் ஸ்ட்ர்என்காப்பி செயற்கூறு இத்தகைய நிலைநீளப் புலங்களை நிரப்புவதற்காகப் பிறந்தது. அதனால்தான் மூலச்சரம் நீளமாக இருந்தால் அது இறுதியில் 0 வைப்பதில்லை. அதைப் 'பாதுகாப்பான நகலெடுப்பு' என்று கற்பிக்கும் வகுப்புகள் அதன் பிறப்பைச் சொல்வதில்லை. மாணவரும் அது நகலெடுத்த அணியை "%எஸ்" கொண்டு அச்சிட்டுக் குப்பையைப் பார்க்கிறார்.

இந்தப் பதினான்கு பைட் பெயர் முக்கியமானது என்று கருதுகிறேன். இறுதியில் 0 இல்லாத குறியுரு அணி தவறானது என்றே மாணவர்கள் நம்புகிறார்கள். அது முறையான, பயனுள்ள தரவு அமைப்புதான். அதைச் சரம் என்று சொல்லி அச்சிடக் கொடுப்பதில்தான் தவறு இருக்கிறது.

பிரிண்ட்எஃப் என்ன பார்க்கிறது

அணியை ஒரு செயற்கூறுக்குக் கொடுக்கும்போது சி மொழி அதன் முதல் இடத்தின் முகவரியை மட்டும் அனுப்புகிறது. எத்தனை இடங்கள் என்ற செய்தி அந்த வாசலில் நின்றுவிடுகிறது. பிரிண்ட்எஃப் அந்த முகவரியிலிருந்து பைட் பைட்டாகப் படித்து, 0 கிடைக்கும்வரை திரைக்கு அனுப்பிக்கொண்டே போகும். ஐந்தாம் இடத்துக்குப் பிறகு அணி முடிந்துவிட்டது என்பது அதற்குத் தெரிய வழியில்லை. அடுத்து எங்கே தற்செயலாக ஒரு 0 இருக்கிறதோ அங்கே நிற்கும்.

இதில் கற்பிப்பவர் கவனிக்க வேண்டியது, தவறான நிரல் சரியான வெளியீட்டைத் தரும் வழிகள் எத்தனை என்பதுதான். பத்து இடமுள்ள அணியை அறிவிக்கும்போதே நெளிவு அடைப்புக்குள் ஐந்து குறியுருக்களைக் கொடுத்துத் தொடங்கினால், மிச்ச ஐந்து இடங்களும் 0 ஆகும் என்பது மொழியின் உறுதிமொழி. அதே பத்து இடத்து அணியைச் செயற்கூறுகளுக்கு வெளியே பொதுவாக அறிவித்துப் பிறகு ஒவ்வோர் இடமாக நிரப்பினாலும், நிரப்பாத இடங்கள் 0-வாகவே இருக்கும். செயற்கூறுக்குள் வெறுமனே அறிவித்து ஒவ்வோர் இடமாக நிரப்பினால் எந்த உறுதியும் இல்லை. மாணவரின் கண்ணுக்கு மூன்றும் ஒரே நிரல்போலத் தெரியும். முதல் இரண்டும் விதியால் சரி, மூன்றாவது அதிர்ஷ்டத்தால் சரி. வெளியீட்டை மட்டும் பார்த்துக் கற்கும் மாணவருக்கு இந்த வேறுபாடு ஒருபோதும் புலப்படாது.

நிரப்பாத இடத்தில் என்ன இருக்கும் என்பது கருவியைப் பொறுத்தது. மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++, பிழைதிருத்தும் முறையில் இயங்கும்போது, மதிப்பிடாத உள்மாறிகளை 204 என்ற எண்ணால் நிரப்பிவைக்கும். பழைய டாஸ் எழுத்துக்குறி அட்டவணையில் 204 என்பது இரட்டைக்கோட்டுப் பெட்டி வரைய உதவும் ஒரு குறி. சீனாவில் புழங்கும் குறியேற்றத்திலோ அடுத்தடுத்த இரண்டு 204-கள் சேர்ந்து 'சுடுகிறது' என்று பொருள்படும் ஓர் எழுத்தாகிவிடும். அதனால் அந்நாட்டு மாணவர்கள் தங்கள் முதல் நிரல்களில் அந்த எழுத்து வரிசையாக வருவதைப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். அந்தக் குப்பைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. வகுப்பில் 'கார்பேஜ் வேல்யூ' என்று ஒரு சொல்லில் முடித்துவிடாமல், அந்த எண்களை "%டி" கொண்டு அச்சிட்டுப் பார்க்கச் சொன்னால் மாணவருக்கு நினைவகம் கண்முன் வரும்.

சிறிய இடறல்கள் வேறு சில உண்டு. 0 என்ற எண்ணும் '0' என்ற இலக்கக் குறியுருவும் வேறு, பின்னதன் மதிப்பு 48. ஸைஸ்ஆஃப் அணியின் இடத்தைச் சொல்லும், ஸ்ட்ர்லென் சொல்லின் நீளத்தைச் சொல்லும். ஐந்து இடமுள்ள அணிக்கு மேற்கோள்குறிக்குள் ஐந்து எழுத்துச் சொல்லைத் தொடக்க மதிப்பாகக் கொடுத்தால் சி மொழி இறுதி 0-ஐக் கைவிட்டு ஏற்றுக்கொள்ளும், சி++ பிழை என்று நிறுத்தும். இந்த இடத்தில் சி++ செய்ததே சரி.

அச்சிடுவதன் மறுபக்கம் உள்ளீடு. கெட்ஸ் என்ற செயற்கூறும் அணியின் அளவைக் கேட்காமலேயே வாங்கி நிரப்பிக்கொண்டிருந்தது. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மோரிஸ் புழு பயன்படுத்திய வழிகளுள் ஒன்று, ஃபிங்கர் சேவையில் 512 பைட் இடத்தில் கெட்ஸ் வாசித்ததுதான். 2011-இல் வந்த சி தரம் அந்தச் செயற்கூறையே மொழியிலிருந்து நீக்கியது. அளவைக் கேட்டு வாங்கும் எஃப்கெட்ஸ் எப்போதும் ஓரிடத்தை 0-க்காக ஒதுக்கிவைக்கும். இன்றும் கெட்ஸ் எழுதச் சொல்லும் பயிற்சிக் கையேடுகள் புழக்கத்தில் இருப்பது வருத்தம் தருகிறது.

எண்ணிக்கை வைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டையில் நீளம் தெளிவாகவே கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் பொய் சொன்னார், ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகம் அதைச் சரிபார்க்காமல் 64 கிலோபைட் வரை அக்கம்பக்கத்து நினைவகத்தைத் திருப்பி அனுப்பியது. உடன்பாடு எந்த வடிவில் இருந்தாலும், அது அணியின் உண்மையான அளவோடு பொருந்துகிறதா என்று ஒருவர் பார்த்தாக வேண்டும்.

மற்ற மொழிகளில்

சி++ மொழியின் சிஅவுட், முகவரியைச் சுமக்கும் சுட்டுகளிடையே பாகுபாடு காட்டுகிறது. முழு எண் அணியின் பெயரைக் கொடுத்தால் முகவரியை அச்சிடும், குறியுரு அணியின் பெயரைக் கொடுத்தால் உள்ளடக்கத்தை அச்சிடும். வசதிக்காகச் செய்த இந்த விதிவிலக்கு, 'அணியின் பெயரைக் கொடுத்தால் உள்ளடக்கம் வரும்' என்ற பொய்யான பொதுவிதியை மாணவர் மனத்தில் ஊன்றுகிறது. பிறகு மதிப்பெண் அணியை அதேபோல் அச்சிட்டு முகவரியைக் கண்டு திகைக்கிறார். ஒற்றைக் குறியுரு மாறியின் முகவரியைக் காண விரும்பினால் எதிர்த் திகைப்பு: அதையும் சரமென்று எண்ணி, 0 வரும்வரை அச்சிட்டுவிடும்.

ஜாவா அணியின் நீளத்தை அணியோடே வைத்திருக்கிறது. ஆகவே எல்லை தாண்டி ஓடும் ஆபத்து இல்லை. ஆனால் வேறொரு புதிர் உண்டு. பிரிண்ட்எல்என்னுக்குக் குறியுரு அணியை மட்டும் கொடுத்தால் சொல் அழகாக வரும். அதற்கு முன்னால் "பெயர்: " என்ற சரத்தைக் கூட்டல்குறியால் சேர்த்துக் கொடுத்தால், ஒரு சதுர அடைப்பு, சி என்ற ஆங்கில எழுத்து, @ குறி, பிறகு எண்ணும் எழுத்துமாக ஏதோ ஒன்று வரும். பிரிண்ட்எல்என்னுக்குப் பல வடிவங்கள் உண்டு, அவற்றில் ஒன்று குறியுரு அணிக்கென்றே எழுதப்பட்டது. எந்த வடிவத்தை அழைப்பது என்பது நிரலைப் பெயர்க்கும்போதே தீர்மானமாகிறது. கூட்டல்குறி வந்தவுடன் அணி ஒரு பொதுப் பொருளாக நடத்தப்பட்டு, எல்லாப் பொருள்களுக்கும் உரிய இயல்பான விவரிப்பு கிடைக்கிறது. அடைப்பும் சி-யும் 'குறியுரு அணி' என்ற இனத்தின் உட்பெயர். @ குறிக்குப் பின் வருவது பதினாறடிமான எண்முறையில் எழுதிய ஹாஷ் எண். அதை 'நினைவக முகவரி' என்று கற்பிப்பது பரவலாக இருந்தாலும் சரியல்ல.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பைத்தானில் குறியுருப் பட்டியலை அச்சிட்டால் அடைப்பும் மேற்கோளும் காற்புள்ளியும் சேர்ந்து வரும், வெற்றுச்சரத்தால் இணைத்த பிறகே சொல்லாகும். ஜாவாஸ்கிரிப்டில் சரமாக மாற்றிய அணி காற்புள்ளிகளோடு வரும். கோ மொழி பைட் அணியை 104, 101 என்று எண்களாகவே காட்டும். ரஸ்ட் குறியுருப் பட்டியலைச் சாதாரண வடிவக்குறியால் அச்சிடவே விடாது, நிரல்பெயர்ப்பி அங்கேயே நிறுத்திவிடும். இவற்றுள் கோவும் ரஸ்டும் கற்பிப்பவருக்கு உதவுகின்றன என்பேன். அணி வேறு சொல் வேறு என்பதை அவை மறைப்பதில்லை. மாற்ற வேண்டுமானால் நீயே சொல் என்கின்றன.

விகடகவி என்ன சொல்கிறது

இதுவரை பேசியது ஒரு குறியுருவுக்கு ஒரு பைட் என்ற ஆங்கில உலகம். தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ படிக்கும் மாணவர் தன் பெயரைத் தமிழில் அச்சிட விரும்பினால் என்ன ஆகும்?

கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் யூடிஎஃப்-8 குறியேற்றத்தை வடிவமைத்தபோது, பல பைட் கொண்ட எந்தக் குறியிலும் 0 என்ற பைட் இடையில் வராதபடி பார்த்துக்கொண்டார்கள். பி மொழியில் முடிவுக்குறியைக் கொண்டுவந்தவரே அதன் பயனை இங்கும் காத்தார். அதனால் 1970களில் வகுத்த "%எஸ்" இன்றும் தமிழ்ச் சொல்லை முழுமையாக அச்சிடுகிறது, திரை யூடிஎஃப்-8 புரிந்ததாக இருந்தால் போதும்.

ஆனால் அணிக்குள் பார்த்தால் கணக்கு மாறுகிறது. 'அம்மா' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அகரம், மகரம், புள்ளி, மகரம், துணைக்கால் என ஐந்து குறிகள். ஒவ்வொரு குறிக்கும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். ஆக ஸ்ட்ர்லென் 15 என்னும், அணிக்கு 16 இடம் வேண்டும். அகரத்தின் எண் 2949, அது 224, 174, 133 என்ற மூன்று பைட்டாக அமர்கிறது. குறியுருவைக் குறிமதிப்புள்ள எண்ணாகக் கொள்ளும் கணினிகளில் அந்த இடங்களை "%டி" கொண்டு அச்சிட்டால் -32, -82, -123 என்று வரும். முதல் இடத்தை மட்டும் குறியுருவாக அச்சிட்டால், எழுத்தின் மூன்றில் ஒரு பங்கு போய்ச் சேர்ந்து, கேள்விக்குறி பொதிந்த கறுப்புச் சாய்சதுரம் தோன்றும். மடக்கு ஒன்றில் ஒவ்வோர் இடமாக இடைவெளியின்றி அச்சிட்டால் பைட்கள் திரையில் ஒன்றுசேர்ந்து 'அம்மா' சரியாகவே வரும். இடையில் ஓர் இடைவெளி விட்டால் பதினைந்து உடைசல்கள் வரும்.

ஆய்வகங்களில் தவறாமல் கொடுக்கும் பயிற்சி, ஒரு சொல் இருவழியும் ஒன்றாக வாசிக்கத்தக்கதா என்று சோதிப்பது. தமிழில் இதற்கு முதலில் நினைவுக்கு வருவது 'விகடகவி'. ஐந்து எழுத்து: வி, க, ட, க, வி. ஆனால் யூனிகோடில் ஏழு குறிகள், யூடிஎஃப்-8-இல் 21 பைட். சி நிரலில் அணியைப் பின்னிருந்து முன்னாக அச்சிட்டால் பைட் வரிசை குலைந்து தமிழ் எழுத்து எதுவும் தேறாது. பைத்தானில் சரத்தைத் திருப்பினால் இகரக் குறி தனியே முதலில் வந்து நிற்கும், நடுவில் 'கி' என்ற புதிய எழுத்து பிறக்கும், கடைசியில் வெறும் 'வ' நிற்கும். இரண்டு நிரலும் 'விகடகவி அப்படிப்பட்ட சொல் அல்ல' என்றே தீர்ப்புச் சொல்லும். நிரல்களில் வழு இல்லை. எழுத்து என்று நாம் கொள்வதும் அணியின் ஓரிடம் என்று கணினி கொள்வதும் வேறு என்பதால் வந்த விளைவு இது.

ஜாவாவின் குறியுரு 16 பிட் என்பதால் அங்கே விகடகவிக்கு ஏழு இடம் போதும், ஆனாலும் திருப்பினால் அதே சிதைவுதான். முந்திரி, காணி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடில் சேர்ந்தன. அவை 65,535-க்கு மேற்பட்ட எண்களில் இருப்பதால், ஜாவாவில் ஒவ்வொன்றும் இரண்டு இடம் பிடிக்கும், தனித்தனியே அச்சிட்டால் இரண்டுமே பாழ். தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்ற டேஸ்16 குறியேற்றம், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் 16 பிட்டில் தனி எண் கொடுத்தது. எழுத்துக்கு ஓரிடம் என்ற நம் இயல்பான எதிர்பார்ப்புக்கு அது நெருக்கமானது. ஆனால் உலகெங்கும் புழங்கும் மென்பொருள்கள் யூனிகோடை ஒட்டியே நடப்பதால், மாணவர் அதைத்தான் சந்திப்பார். ஸ்விஃப்ட் மொழி மட்டும் சற்று வேறு. அதன் குறியுரு என்பது கண்ணால் காணும் எழுத்துக்கூட்டு. அங்கே விகடகவியின் நீளம் ஐந்து, திருப்பினாலும் விகடகவியே. இருந்தும் 'க்ஷ' என்பதை அது இரண்டாகத்தான் எண்ணும்.

இந்தப் பகுதி தமிழ்வழிப் பாடங்களில் இல்லாதது பெரிய இழப்பு. டாஸ் காலத்து டர்போ சி++ சூழலில் யூனிகோடு தமிழ் அச்சாகாது. அதையே பிடித்துக்கொண்டிருக்கும் ஆய்வகங்களில் படிக்கும் பிள்ளைகள், தங்கள் மொழியில் ஒரு சொல்லைக்கூட அச்சிட்டுப் பார்க்காமல் நிரலாக்கப் பாடத்தை முடித்து வெளியேறுகிறார்கள்.

எதை முதலில் சொல்வது

கற்பிக்கும் வரிசை பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. சி++ மொழியைப் படைத்த பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 1999-இல் எழுதிய கட்டுரையில், தொடக்கநிலையில் நூலகச் சரத்தையே கற்பிக்க வேண்டும், குறியுரு அணியும் சுட்டும் பிறகு வரட்டும் என்றார். அவர் காட்டிய எடுத்துக்காட்டில், ஒருவரின் பெயரை வாங்கி அச்சிடும் சிறு நிரல்கூட, சி பாணியில் எழுதும்போது அணியின் அளவு, நினைவக ஒதுக்கீடு என்று பருத்துவிடுகிறது. ஹார்வர்டின் சிஎஸ்50 பாடம் நடுவழி எடுத்தது. சி மொழியையே கற்பிக்கிறது. ஆனால் 'ஸ்ட்ரிங்' என்ற பெயரைத் தன் நூலகத்தில் வரையறுத்துக் கொடுத்து, சில வாரங்கள் கழித்து அது வெறும் குறியுருச் சுட்டுதான் என்று திரையை விலக்குகிறது.

அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்போர் பக்கம் பெனடிக்ட் டு பூலேயின் கருத்து துணைநிற்கிறது. 1980களில் அவர், நிரலாக்கம் கற்பவருக்குத் தான் இயக்கும் இயந்திரம் பற்றி எளிய மனப்படம் ஒன்று வேண்டும் என்று எழுதினார். அந்தப் படம் முழு உண்மையாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் மாணவர் காணும் விளைவுகளை விளக்கப் போதுமானதாக இருக்க வேண்டும். குறியுரு அணிக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. சரம் என்ற மூடிய பெட்டியை மட்டும் அறிந்த மாணவருக்கு வாலில் வரும் குப்பை விளங்காது. எண்கள் வரிசையாக அமர்ந்த நினைவகத்தைப் பார்த்தவருக்கு அது ஒரே பார்வையில் விளங்கும். ஃபிலிப் குவோ 2010-இல் உருவாக்கிய பைத்தான் டியூட்டர் போன்ற கருவிகள் இந்தப் படத்தைத் திரையிலேயே வரைந்துகாட்டுகின்றன, சி நிரல்களுக்கும்கூட.

நான் பரிந்துரைக்கும் வரிசை இந்த இரண்டிலிருந்தும் சற்று வேறுபட்டது. முதலில் அணியையும் அதன் எண்ணிக்கையையும் சேர்த்தே கையாளச் சொல்ல வேண்டும். ஐந்து இடம், ஐந்து குறியுரு, ஐந்து முறை சுழலும் மடக்கு, ஒவ்வொரு முறையும் ஒரு குறியுருவை அச்சிடும் புட்சார். இதில் 0 தேவையில்லை, வெளியீடும் எந்தக் கணினியிலும் ஒன்றே. அடுத்து "%.5எஸ்": அதே எண்ணிக்கையை பிரிண்ட்எஃப்பிடம் சொல்வது. அதன் பிறகே, எண்ணிக்கையைச் சொல்லாமல் விட விரும்பினால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்று கேட்டு, ஆறாவது இடத்தையும் 0-ஐயும் அறிமுகப்படுத்த வேண்டும். அப்போது \0 மனப்பாடம் செய்ய வேண்டிய சடங்காக இராது, ஒரு தேவைக்கான விடையாக வரும். நூலகச் சரம் நான்காவதாக வரலாம், அதுவரை வந்தவர் அதன் அருமையை உணர்வார். ஐந்தாவதாகத் தமிழ்ச் சொல் ஒன்று கட்டாயம் வர வேண்டும்.

செய்முறைத் தேர்வில் மதிப்பெண் வழங்கும் முறையும் மாற வேண்டும். சரியான சொல் திரையில் வந்தால் முழு மதிப்பெண் என்பதே இன்றைய வழக்கம். ஆறாவது இடத்தில் தற்செயலாக 0 இருந்ததால் வந்த சொல்லுக்கும் அதே மதிப்பெண் கிடைக்கிறது. கட்டணமின்றிக் கிடைக்கும் ஜிசிசி, கிளாங் இரண்டிலும் அட்ரஸ் சானிடைசர் என்ற சோதனை உண்டு. பெயர்க்கும்போது ஓரிரு விருப்பங்களைச் சேர்த்தால், அணியின் எல்லையைத் தாண்டி பிரிண்ட்எஃப் படித்த அந்தக் கணத்திலேயே நிரலை நிறுத்தி, எந்த வரி, எந்த அணி, எத்தனை பைட் அப்பால் என்று சொல்லிவிடும். தேர்வரின் நிரலை அந்தச் சோதனையோடு ஒருமுறை ஓட்டிப் பார்க்கத் தேர்வாளருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படாது. வகுப்பில் தொடக்கம் முதலே அதோடு ஓட்டிப் பழகினால், எல்லை தாண்டும் தவறு மாணவருக்குத் தேர்வறைக்கு வெகு முன்பே, அதைச் செய்த அன்றே தெரிந்துவிடும்.